சர்க்கார் மீன்

துளசிங்கத்தை எங்கள் பக்கத்தில் கொசுக்காரர் என்றுதான் சொல்வார்கள். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் நீளமான மூங்கில், அதன் நுனியில் கட்டிய வெள்ளை எனாமல் கிண்ணம், சைக்கிள் கேரியரில் மூடி போட்ட தகர டின். வீடு வீடாகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். கிண்ணத்தை இறக்கித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பார்ப்பார். கொசுப்புழு நெளிந்தால் டின்னிலிருந்து மீன் விடுவார். பிறகு கிணற்றுச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அறுபதுகளில் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை அநேகமாக எல்லா வீட்டிலும் கிணறு இருந்தது. அதனால் அவரைத் தெரியாத வீடும் இல்லை.

இதில் சிலவற்றை நானே பார்த்தேன். மற்றவற்றை ரத்தினபாய் டீச்சர் சொல்லக் கேட்டேன். இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எது எதுவென்று பிரிக்கும்போது தப்பு வருமோ என்ற பயம் இருக்கிறது. மீன் விஷயத்தில் மட்டும் தப்பில்லை.

அவர் திருநீர்மலைக்காரர். மலையடிவாரத்தில் அவர்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது இவர் பங்கு ஒரு வீட்டு மனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுகாதார ஆபீசில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார், எடுத்துக்கொண்டார்கள். மீன் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்றிருப்பார். அடையாறு அவர் வீட்டுக்குப் பின்னால்தான் ஓடியது.

ஆபீசில் கொடுத்த மீன் ஆற்று மீன் அல்ல. கொசுவை ஒழிப்பதற்கென்று வெளிதேசத்திலிருந்து வந்த சின்ன சாம்பல் நிற மீன். பட்டணத்தில் ஒரு தொட்டியில் வளர்த்தார்கள். டின்னோடு எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வாங்கி வரவேண்டும். முதல் தடவை போனபோது சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் பாதி மீன் மிதந்தது. வண்டியில் இருந்தவர்கள் நாற்றம் என்றார்கள். ஒருத்தர் டின்னுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, நெத்திலி கூட இத்த விட பெர்சா இருக்கும்" என்றார். தாம்பரத்தில் இறங்கியபோது உயிரோடு இருந்த மீனை ஒரு டம்ளரில் அடக்கியிருக்கலாம்.

இரண்டாம் தடவை அவர் பட்டணம் போகவில்லை. விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் இறங்கி, மனைவி ஜெயக்கொடியின் பழைய புடவையை மடுவில் விரித்து, பொட்டுக்கெண்டை பிடித்தார். விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளி உடம்பு, வாலுக்குச் சற்று முன்னால் மையை ஒற்றியதுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. கோடையில் ஆறு அறுந்து அறுந்து மடுவாகத் தேங்கும்போது அதில் கூட்டம் கூட்டமாகத் திரியும். கொசுப்புழுவைப் போட்டால் விடாது. அதைக் கிணறுகளில் விட்டுவிட்டு, பட்டணத்துத் தொட்டி மீன் விட்டதாக ஆபீசில் சொல்லிவிட்டார். டிரெயின் அலைச்சல் மிச்சம். சோம்பல்தான் ஆரம்பம். டீச்சர் பிற்பாடு எவ்வளவோ மெருகு ஏற்றிச் சொன்னாலும் இதை மறைத்ததில்லை.

அதில் ஒரு சிக்கல் வந்தது. தொட்டி மீனை யாரும் சீந்தமாட்டார்கள். பொட்டுக்கெண்டை அப்படியில்லை, ருசியானது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கிணற்றில் மீன் இருக்காது; கொல்லையில் செதில் கிடக்கும். இரண்டு மூன்று வீடுகளில் இப்படி ஆனபிறகு துளசிங்கம் புதிதாக ஒரு சட்டம் போட்டார்.

"இது சர்க்கார் மீனு. எண்ணித்தான் வுட்டுக்கீது. ஒண்ணு கொறஞ்சாலும் கேஸு."

காக்கி உடுப்பில் இருந்தவர் சொன்னதால் ஜனங்கள் நம்பினார்கள். குழந்தைகள் கிணற்றில் கல் போட்டால் அம்மாக்கள் முதுகில் ஒன்று வைத்தார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அங்காளம்மாள் என்று ஒரு பால்காரம்மா இருந்தாள். வாளியோடு ஒரு மீன் மேலே வந்துவிட்டால், "ஐயோ, கவர்மெண்டு" என்று கத்தித் திரும்பக் கொட்டுவாள்.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, ஒரு கோடையில் ஆற்றின் நிறம் மாறியது. குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் கொட்டகைகளிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீர் முன்பும் கலந்ததுதான். மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது கொட்டகைகள் பெருகிவிட்டன. மணல் லாரிகள் மடுக்களைத் தோண்டித் தோண்டி உருமாற்றின. மிச்சமிருந்த குட்டைகளில் பழுப்பு நுரை ஒதுங்கியது. துளசிங்கம் புடவையை விரித்தார்; சேறும் ஒரு தேய்ந்த செருப்பும் வந்தன. அடுத்த மடுவுக்குப் போனார். அதற்கடுத்த மடுவுக்கும் போனார். அனகாபுத்தூர் வரை நடந்து, மத்தியானம் வெறும் புடவையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஜெயக்கொடி அடுப்படியிலிருந்து, "இன்னா, சர்க்கார் இன்னிக்கி லீவா?" என்றாள்.

"ஒண்ணு கூட இல்ல."

"மழ வந்தா வரும்."

மழை வந்தது. மீன் வரவில்லை. அடுத்த மழைக்கும் போய்ப் பார்த்தார். ஆற்றில் கால் வைத்தால் அரித்தது. பொட்டுக்கெண்டை மேலே ஏதாவது ஏரியில் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். லீவு போட்டு ஏரி ஏரியாகப் போய்ப் பார்த்தார். விரால் இருந்தது, கெளுத்தி இருந்தது, புதிதாக வந்த ஜிலேபிக் கெண்டை எல்லா இடத்திலும் இருந்தது. பொட்டு வைத்தது இல்லை. வேறெங்கோ இருந்திருக்கலாம், அவருடைய சைக்கிள் போகிற தூரத்தில் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கிணறுகளை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார். கொசுப்புழுவுக்காகப் பார்த்ததைவிட மீனுக்காகப் பார்த்தது அதிகம். தண்ணீர் குறைந்த கிணற்றிலிருந்து எடுத்து நிறைந்த கிணற்றில் விட்டார். யாராவது பிளீச்சிங் பவுடர் போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் முதல்நாளே டின்னோடு போய் நின்றார். மீன் பெரும்பாலான கிணறுகளில் இருந்ததே தவிரப் பெருகவில்லை. சில கிணறுகளில்தான் குஞ்சு கண்ணில் பட்டது. அதில் ஒன்று ரத்தினபாய் டீச்சர் வீட்டுக் கிணறு.

"ஊரான் வூட்டு கெணத்த எட்டிப் பாக்கறதே உனக்குப் பொழப்பாப் பூட்ச்சு" என்பாள் ஜெயக்கொடி. "நம்ம வூட்டுப் பானையில தண்ணி கீதா இல்லயான்னு என்னிக்காச்சும் எட்டிப் பாத்துக்கிறியா?"

எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று டீச்சர் பிற்பாடு ஒருநாள் கேட்டிருக்கிறார். "அங்க இருந்திச்சு டீச்சரம்மா. இப்ப இல்ல" என்றாராம். அவ்வளவுதான்.

ரத்தினபாய் டீச்சர் தனியாக இருந்தவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி அவருடைய வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில், முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு சின்ன சபைக்குப் போவார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால் இறங்கிய பிறகும் ஓடிப்போய் வாங்குவார். எங்கள் தெருவில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சர்க்கார் மீன் என்று துளசிங்கம் சொன்னதை அந்த வட்டாரத்திலேயே மிகவும் சிரத்தையாக எடுத்துக்கொண்டவரும் அவர்தான்.

எழுபத்துநாலில் மழை பொய்த்தது. எழுபத்தைந்து கோடையில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. துளசிங்கம் டின்னைத் தூக்கிக்கொண்டு வற்றும் கிணற்றுக்கும் வற்றாத கிணற்றுக்குமாக ஓடினார். ஏப்ரல் முடிவதற்குள் மீன் விட இருந்த ஒரே கிணறு டீச்சருடையது. ஏரிக்கரை ஈரம் அதை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அங்கேயும் தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிட்டது. ஊரில் மிஞ்சிய பொட்டுக்கெண்டை முழுவதும் அந்த முழங்காலளவுத் தண்ணீரில் இருந்தது. அது அவருக்கு மட்டுமே தெரியும். டீச்சரிடம்கூட அவர் சொல்லவில்லை.

மே மாதத்தில் மச்சான் மகனுக்குக் காது குத்து என்று சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனார். இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் விடிந்ததும், அவர் திரும்புவதற்கு முன்பே, டீச்சர் வீட்டுக்குக் கிணறு வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். ஒரு வாரமாக வராதவர்கள், அன்றைக்கு விட்டால் அடுத்த மாதம்தான் என்றார்கள். தண்ணீரை இறைத்து, தூர் எடுத்து, இன்னும் ஆழமாக வெட்டவேண்டும்.

"அப்ப மீன்?" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சர், மீனுக்குப் போயி! எங்களாண்ட குடுங்க, மத்தியானம் சோத்துக்கு ஆவும்."

வேறு யாராயிருந்தாலும் கொடுத்திருப்பார்கள், அல்லது கொல்லைத் தொட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். டீச்சருக்கு அப்படித் தோன்றவில்லை. சர்க்கார் சொத்து தன் பொறுப்பில் இருக்கிறது. இனி வைத்துக்கொள்ள வழியில்லை. எனவே சர்க்காரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆட்களைக் கூடையால் வாரச் சொல்லி, பித்தளைக் குடத்தில் மீனைப் போட்டு, வாயை ஈரத் துணியால் கட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"தண்ணிக் கொடத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும் டீச்சர்" என்று கண்டக்டர் விளையாட்டுக்குச் சொன்னார்.

"போடுங்க" என்று டீச்சர் பர்ஸைத் திறந்தார்.

சுகாதார ஆபீசில் இன்ஸ்பெக்டர் ராஜாராமன் இருந்தார். பயிற்சிக்குப் போய்வந்தவர், கொசு மீனை ஆண் பெண் பிரித்துச் சொல்லக்கூடியவர். டீச்சர் குடத்தை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் துணியை விலக்கி உள்ளே பார்த்தார்.

"இது எங்க மீன் இல்லம்மா."

"உங்க ஆள்தானே வந்து விட்டார்? ஒவ்வொரு மாசமும் வந்து பார்க்கிறாரே!"

"எந்த ஆள்?"

காது குத்து முடிந்து துளசிங்கம் வேலைக்குத் திரும்பிய காலை அது. நெற்றியில் சந்தனம்கூட இன்னும் அழியவில்லை. உள்ளே வந்தவர் முதலில் குடத்தைப் பார்த்தார், பிறகு டீச்சரை, கடைசியாக இன்ஸ்பெக்டரை. குடத்தருகே போய்க் குனிந்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு மல்லாந்துவிட்டன.

"துளசிங்கம், இது என்னய்யா மீன்?"

"பொட்டுக்கெண்ட சார்." மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, குடத்துக்குள் விட்டு மொண்டு, கையை உயர்த்தி மறுபடி குடத்துக்குள்ளேயே ஊற்றினார். மீண்டும் மொண்டார், ஊற்றினார்.

"எத்தனை வருஷமா இந்த வேலை நடக்குது?"

"ரொம்ப நாளா சார்." மொண்டார், ஊற்றினார்.

"நான் கேட்டுக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு டீ ஆத்திக்கிட்டு நிக்கிற!"

"மூச்சு முட்டுது சார் அதுங்களுக்கு. நீங்க திட்டுங்க சார், நான் கேட்டுகினுதான் கீறேன்."

இன்ஸ்பெக்டர் திட்டினார். பொய் சொன்னதற்கும், தொட்டி மீன் விட்டதாக ரிஜிஸ்டரில் தன்னைக் கையெழுத்துப் போடவைத்ததற்கும், தொட்டி மீனை எங்கே விட்டாய் என்பதற்கும் தனித்தனியாகத் திட்டினார். துளசிங்கம் தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் இன்ஸ்பெக்டர் பியூனைக் கூப்பிட்டு, "இதைக் கொண்டுபோய் வெளியே கால்வாயில கொட்டு" என்றார்.

துளசிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். குடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"அது மட்டும் வோணாம் சார். வேலய எடுத்துக்குங்க. ஆத்துல இல்ல சார் இது. ஏரியில இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன். இந்தக் கொடத்துலதான் கீது."

பியூன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். டீச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார்," என்றார், "கொட்டறதுன்னா கொட்டுங்க. ஆனா நான் ஒப்படைச்சதுக்கு ரசீது வேணும்."

"எதுக்கு ரசீது?"

"சர்க்கார் மீன் இத்தனை, இன்னார் திருப்பிக் கொடுத்தார்னு."

"இது சர்க்கார் மீனே இல்லைன்னு சொல்றேனே!"

"அப்படின்னா இது என் கிணத்து மீன். என் மீனைக் கால்வாயில கொட்ட உங்களுக்கு என்ன அதிகாரம்?"

அந்த நிமிஷம்வரை டீச்சருக்கே இது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். கணக்கு டீச்சர், ஒரு வரியை ஒப்புக்கொண்டால் அடுத்த வரியையும் ஒப்புக்கொண்டாகவேண்டும். மேலதிகாரிகளுக்கு எழுதினால் தன் கையெழுத்தும் கூடவே மேலே போகும் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா" என்றார். பிறகு துளசிங்கத்தைப் பார்த்து, "நாளையிலிருந்து நீ சாக்கடை கேங்க்ல. கிணத்துப் பக்கம் உன்னைப் பார்த்தேன்னா வேலை இருக்காது" என்றார்.

இருவரும் வெயிலில் தெருவுக்கு வந்தார்கள். குடத்தை இப்போது துளசிங்கம் வைத்திருந்தார். டீச்சர் ஒரு புளியமரத்தடியில் நின்றார்.

"என்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா டீச்சரம்மா."

"சர்க்கார் மீனுன்னு நான் பிள்ளைங்ககிட்ட வகுப்புல சொல்லியிருக்கேன். அங்காளம்மாகிட்ட சண்டை போட்டிருக்கேன்."

"நெஜத்த சொல்லியிருந்தா கொழம்பாப் பூட்டிருக்கும் டீச்சரம்மா. ஒரு வூட்லயும் மிஞ்சியிருக்காது."

டீச்சர் துணியை விலக்கிக் குடத்துக்குள் பார்த்தார். இன்னும் ஒன்று மல்லாந்திருந்தது. "இப்ப தண்ணி எங்க இருக்கும்?" என்றார்.

தாம்பரத்தில் அந்த மே மாதத்தில் தேங்கிய தண்ணீர் என்று யோசித்தால் ரயில்வேக்காரர்களுடையதுதான் நினைவுக்கு வரும். அங்கே உள்ளே விடமாட்டார்கள். டீச்சருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. மாதக் கடைசி ஞாயிறு முழுக்குக்காக இரண்டு வண்டித் தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்தார்கள்.

பாஸ்டர் தனசிங் பனியனோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சிஸ்டர், பரிசுத்தமான காரியம் நடக்கிற தொட்டி. அதுல மீனா?"

"ஆண்டவர் முழுக்கு எடுத்த யோர்தான் ஆத்துல மீன் இல்லாமலா இருந்தது பாஸ்டர்?"

பாஸ்டர் யோசித்தார். இப்படியொரு கேள்வி அவரிடம் யாரும் கேட்டதில்லை. துளசிங்கம் அதற்குள் தொட்டி விளிம்பில் மண்டியிட்டு, தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு அடித்திருந்தால் மீன் பிழைக்காது. பஞ்சத்தில் அந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்கவில்லை, ஓரமெல்லாம் பாசி.

"நல்லா கீது சாமி" என்றார் பாஸ்டரிடம். "வுட்டுடலாமா?"

"நாலு பேர் இறங்குற நேரத்துல கால்ல கடிச்சா?"

"கடிக்காது சாமி. சும்மா முத்தம் குடுக்கும்."

பாஸ்டர் சிரித்துவிட்டார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டு துளசிங்கம் குடத்தைத் தண்ணீருக்குள் மெதுவாகச் சாய்த்தார். பத்துப் பதினைந்து உயிரோடு வெளியே வந்தன. சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு ஒன்றாகப் பாசிப்பக்கம் திரும்பின. பொட்டு பொட்டாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கு நடந்தது. தண்ணீரில் இறங்கிய ஒரு ரயில்வே கிளார்க், பாஸ்டர் ஜெபம் சொல்லும்போதே துள்ளிக் கத்தினார். பின்வரிசையில் இருந்தவர்கள் ஆவியின் அபிஷேகம் என்று அல்லேலூயா சொன்னார்கள். மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற துளசிங்கத்துக்குத்தான் காரணம் தெரியும்.

ஐப்பசியில் நல்ல மழை. கிணறுகளில் தண்ணீர் ஊறியது. டீச்சர் வீட்டுக் கிணறு முன்னைவிட ஆழம். புதுமண் வாசனை போவதற்கு ஒரு மாதம் விட்டார்கள். தொட்டியில் மீன் பெருகியிருந்தது. குஞ்சுகளும் சேர்ந்து குடம் நிறைய வந்தது. துளசிங்கம் கிணற்றுப்பக்கம் போகக்கூடாது. அதனால் மீனைச் சனிக்கிழமைகளில் டீச்சர் எடுத்துப்போனார். எந்தக் கிணற்றில் பாசி உண்டு, எதில் மீன் ஒதுங்கப் படி உண்டு, எந்த வீட்டில் பவுடர் அள்ளிப் போடுவார்கள் என்பதை மட்டும் துளசிங்கம் முன்கூட்டியே சொல்லிவைப்பார். ஆறு தேறினால் அங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. துளசிங்கம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்க் காலை விட்டுப் பார்த்தார். அரித்தது.

நான் பார்த்தது ஒரு மார்கழிச் சனிக்கிழமை. டீச்சர் குடையும் குடமுமாக அங்காளம்மாள் வீட்டுக் கொல்லைக்கு வந்தார். கிணற்றில் மீனை விட்டார். தெருவில் சாக்கடை ஆட்கள் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். அதில் துளசிங்கமும் இருந்தார். மண்வெட்டியை ஊன்றி நின்று, எங்கேயோ பார்ப்பதுபோல் இந்தப்பக்கம் காதை வைத்திருந்தார்.

அங்காளம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். "டீச்சரே, கொசுக்காரர சாக்கடைக்கு மாத்திட்டாங்களாமே. அது சர்க்கார் மீனே இல்லன்னு பேசிக்கிறாங்க. மெய்யா? மெய்யின்னா சொல்லுங்க, நாளைக்கி மருமவன் வரான்."

டீச்சர் குடத்தைத் தரையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். தெருவில் மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கிணற்றுச் சுவரில் அழகான பள்ளிக்கூடக் கையெழுத்தில் அன்றைய தேதியை எழுதினார்.

"சர்க்கார் மீன்தான் அங்காளம்மா" என்றார். "தொட்டா கேஸ்."